மீண்டு வந்தவருக்கு மருத்துவமனையில் ஒரு வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி மனநலப் பிரிவுகளுக்கு வேண்டிய பணியிடம்

எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையங்களில் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பணியிடம் உண்டு. மருத்துவர், ஆலோசகர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் ஆகியோருடன் அவரும் சம்பளம் வாங்கும் ஊழியர். அவருக்கான முதல் தகுதி, அவரும் எச்ஐவியோடு வாழ்பவராக இருக்க வேண்டும் என்பது. பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவரிடம், "நானும் இதே மாத்திரையைத்தான் பல வருஷமா சாப்பிடுறேன், வீட்டுக்கும் வேலைக்கும் போய்ட்டுதான் இருக்கேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை மேல் இருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அப்படிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததால் சிகிச்சையை விடாமல் தொடர்ந்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது மனநலப் பிரிவுக்கு வருவோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் பணியாளர் பட்டியலில் மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர், பதிவேடு பார்ப்பவர், வார்டு உதவியாளர் எல்லாரும் இருக்கிறார்கள். அதே நோயில் விழுந்து, அதே மாத்திரையைச் சாப்பிட்டு, எழுந்து வந்த ஒருவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. எச்ஐவிக்கு அவசியம் என்று ஒத்துக்கொண்ட ஒன்று மனநோய்க்கு இன்னும் அதிகமாக வேண்டும் என்பது என் கருத்து. எச்ஐவி வந்தவரின் சொல்லை யாரும் சந்தேகிப்பதில்லை. மனநோய் வந்தவர் எதைச் சொன்னாலும், அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

உலகம் முழுக்க இந்த வேலையை பியர் சப்போர்ட் என்கிறார்கள். இங்கே சக ஆதரவுப் பணி என்று வைத்துக்கொள்ளலாம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு, குடிநோய் இவற்றில் ஒன்றை அனுபவித்து, சிகிச்சை எடுத்து, ஓரளவு நிலைக்கு வந்த ஒருவர் பயிற்சி பெற்று மருத்துவமனைக் குழுவில் சேர்கிறார். அவர் நோயைக் கண்டுபிடிக்க மாட்டார், மருந்து எழுத மாட்டார், மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டார். வார்டில் புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் உட்காருவார். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்க உதவுவார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்த அறைக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று கூடவே வந்து காட்டுவார். டிஸ்சார்ஜ் ஆன பிறகு போன் செய்வார், தேவைப்பட்டால் வீட்டுக்கே போவார்.

இதெல்லாம் சமூகப் பணியாளர் செய்கிற வேலைதானே என்று கேட்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையின் மனநல ஓபி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தபோது நடந்த ஒரு பேச்சைச் சொல்கிறேன். என் உறவுக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். காலையில் எழுந்திரிக்கவே முடியவில்லை, தலை கனக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தான். அவன் அம்மாவுக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. பக்கத்தில் ஓபி சீட்டை மடித்துப் பிடித்தபடி இருந்தவர், கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை செய்பவர், அவன் பக்கம் திரும்பினார்.

"ஏந்தம்பி, ராத்திரி எத்தனை மணிக்குப் போடுற?"

"பத்தரை, பதினொன்னு ஆகும்ணா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. காலைல ஷிப்டுக்கே போக முடியல. டாக்டர்கிட்ட வாய தொறந்து சொன்னேன், நேரத்த மாத்திக் குடுத்தாரு. நீயா நிறுத்தாத. உள்ள போனதும் மொதல்ல இதத்தான் சொல்லணும், சரியா? மறந்துட்டேன்னு வெளிய வந்து நிக்காத."

இரண்டு நிமிடம் இருக்கும். உள்ளே போனதும் அவன் அதைத்தான் முதலில் சொன்னான். அதுவரை அவன் அம்மா பேச, மருத்துவர் எழுத, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வழக்கம். அந்தப் பட்டறைக்காரர் மருந்து யோசனை எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்கு நேர்ந்ததைச் சொன்னார், முடிவை மருத்துவரிடம் விட்டார், பேசுகிற தைரியத்தை மட்டும் பையனிடம் கொடுத்தார். முறையாகப் பயிற்சி தரும் இடங்களில் வாரக்கணக்கில் சொல்லித் தருவது இந்த எல்லைக்கோட்டைத்தான். அவருக்கு அது இயல்பாக வந்தது. ஆனால் அவர் அங்கே இருந்தது தற்செயல். அடுத்த மாதம் அவருடைய தேதி வேறு, எங்கள் தேதி வேறு.

இந்த யோசனை புதிதில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட ழான் பாப்டிஸ்ட் புசேன், அதே மருத்துவமனையில் ஒரு காலத்தில் கண்டமாலை என்ற கழுத்து நெறிகட்டு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். குணமானவர்களையே அவர் வார்டு வேலைக்கு எடுத்தார். அவர்கள் நோயாளிகளை அடிப்பதில்லை, நோயாளிகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பதை அங்கே மருத்துவராக இருந்த பிலிப் பினேல் கண்டார். நோயாளிகளைக் கட்டியிருந்த சங்கிலிகளை அவிழ்த்த பெருமை பினேலுக்குப் போய்விட்டது. பிசேத்ரில் 1797இல் அதைச் செய்தது புசேன். அப்புறம் 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், குடியை விட முயன்ற இரண்டு பேர் சந்தித்துக்கொண்டதில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளியின் பேச்சு ஏறும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 1999இல் ஜார்ஜியா மாநிலம் மனநலச் சக ஆதரவை அரசுக் காப்பீட்டில் பணம் கொடுக்கத்தக்க சேவையாக ஏற்றது. அதன்பிறகுதான் அது ஓர் உத்தியோகமாக மற்ற இடங்களுக்கும் பரவியது.

பலன் உண்டா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளமான பதில். இங்கிலாந்தில் நெருக்கடி நேரச் சிகிச்சை முடித்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு, மீண்டும் நோய் தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது பற்றிய ஒரு கையேட்டைத் தபாலில் அனுப்பினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கையேட்டோடு ஒரு சக ஆதரவாளரையும் கொடுத்தார்கள். அவர் பத்து முறை வரை சந்தித்து, கூட உட்கார்ந்து கையேட்டை நிரப்ப உதவினார். ஒரு வருடத்துக்குள் மறுபடி நெருக்கடிச் சிகிச்சைக்கு வந்தவர்கள் தபால் குழுவில் 38 சதவீதம், சக ஆதரவாளர் இருந்த குழுவில் 29 சதவீதம். கையேடு ஒன்றே. வித்தியாசம் ஆளால் வந்தது.

ஆனால் அதே இங்கிலாந்தில், மனநல வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்குச் சக ஆதரவு கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மறுபடி வார்டில் சேர்வது அதில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆகவே ஒருவரை நியமித்துவிட்டால் போதும், வார்டுக் கட்டில் காலியாகும் என்று யாரும் நம்ப வேண்டாம். எந்தக் கட்டத்தில் வருகிறார், என்ன வேலையோடு வருகிறார், எத்தனை முறை சந்திக்கிறார் என்பதையெல்லாம் பொறுத்துத்தான் பலன். கட்டில் கணக்கு ஒன்றையே அளவுகோலாக வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வரிசையில் இருந்த அந்தப் பையன் வாய் திறந்து பேசியதை அந்தக் கணக்கு காட்டாது.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் குவாலிட்டிரைட்ஸ் திட்டத்தை 2014 முதல் குஜராத் அரசு தன் மருத்துவமனைகளில் நடத்திப் பார்த்தது. நோயாளியின் உரிமை பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி, கூடவே நோயை அனுபவித்தவர்களைச் சக ஆதரவுத் தொண்டர்களாகச் சேர்த்தது, குடும்பங்களுக்கான குழுக்கள் என்று அது போனது. ஊழியர்கள் நோயாளிகளைப் பார்க்கும் விதம் மாறியதையும், நோயாளிகள் தங்கள் சொல்லுக்கு மதிப்பிருப்பதாக உணர்ந்ததையும் பதிவு செய்தார்கள். பிறகு ஜெர்மனி, இஸ்ரேல், உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளோடு சேர்ந்து சக ஆதரவை மருத்துவமனைக்குள் கொண்டுவரும் அப்சைட்ஸ் என்ற பன்னாட்டு முயற்சியிலும் இந்தியா இடம்பெற்றது. பணக்கார நாட்டுக்கு மட்டும் கட்டுப்படியாகிற சமாச்சாரம் என்று இதை ஒதுக்க முடியாது.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இது ஏன் வேண்டும் என்பதற்கு ஊர் சார்ந்த காரணங்கள் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தொடங்கியது, கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன்னால் மனநோய் என்றால் பெரும்பாலும் சேலம், இல்லாவிட்டால் சென்னை கீழ்ப்பாக்கம், இல்லாவிட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ். நிம்ஹான்ஸ் இருப்பதே ஓசூர் சாலையில்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்து மக்களுக்கு இன்றும் மாவட்டத் தலைநகரைவிட அதுதான் பழகிய வழி. அங்கே நல்ல சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் திரும்பி ஊருக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? மாத்திரை தீர்ந்த அன்று யாரைக் கேட்பது? அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ ஒருவரை அழைத்து வர ஒரு நாள் கூலி போகும், கூட வருபவருக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு தனி. அதனால் மூன்று மாதம் நன்றாக இருந்தால் நான்காவது மாதம் போவதில்லை. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான், விடாதே என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சைக்குள்ளேயே வரவில்லை என்றது. வந்து, நடுவில் விட்டுப் போனவர்கள் கதை வேறு.

மொழியும் ஒரு காரணம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடபகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். காதில் குரல் கேட்கிறது என்பதையும், அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதையும் வீட்டு மொழியில்தான் ஒருவரால் சொல்ல முடியும்.

அப்புறம் கோயில். பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்று முதலில் கோடாங்கியிடம் போவது, மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது எல்லாம் இங்கே சாதாரணம். அதை மருத்துவரிடம் மறைப்பார்கள், திட்டுவார் என்ற பயம். சக ஆதரவாளரிடம் மறைக்க வேண்டியதே இல்லை. பெரும்பாலும் அவரையும் அவர் வீட்டார் அதே இடங்களுக்கெல்லாம் அழைத்துப் போயிருப்பார்கள். "போய்ட்டு வாங்கம்மா, மாத்திரையையும் விடாதீங்க" என்று அவர் சொன்னால் அந்தத் தாய்க்குக் கோபம் வராது.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை மனச்சிதைவுக்குப் பரவலாகக் கொடுப்பது. சில பெண்களுக்கு அதனால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும்போகும். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் மாமியார் பக்கத்தில் நிற்க, பின்னால் வரிசை காத்திருக்க, ஆண் மருத்துவர் ஒருவரிடம் அதை யார் சொல்வது? அவள் சொல்ல மாட்டாள். யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்துவாள். இரண்டு மாதத்தில் மறுபடி நோய் முற்றி வருவாள், "மருந்து சாப்பிட மாட்டேங்குது" என்று சீட்டில் ஏறும். அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தனக்கும் இப்படி ஆனது, மருந்தை மாற்றியதும் சரியானது என்று இன்னொரு பெண் வார்டுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே அறுந்துவிடும். உடம்பு போடுவது, வாயில் எச்சில் ஊறுவது, கை நடுங்குவது, ஆண்களுக்கு மனைவியிடம் நெருங்க முடியாமல் போவது என்று வெளியே சொல்லாத காரணங்கள் இன்னும் நிறைய. இவற்றை எல்லாருக்கும் தெரிந்த பேச்சாக்க, மாத்திரை சாப்பிட்டவரால்தான் முடியும்.

பூச்சிமருந்து குடித்துக் காப்பாற்றப்பட்டு பொது வார்டில் படுத்திருப்பவருக்கும் இது பொருந்தும். தற்கொலைக்கு முயன்றவரை கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்குத் தொடரக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தும் அவரைப் பார்க்க வருபவர்கள் திட்டுகிறார்கள், அல்லது அழுகிறார்கள். திட்டாமல் அழாமல் பக்கத்தில் உட்கார, முன்பு அதே கட்டிலில் படுத்திருந்தவர் வேண்டும்.

அண்டை அயலார் வழியாக உதவி கொண்டுபோவதில் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பழைய பழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989இல், அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் பெண், பெரும்பாலும் அந்தச் சுய உதவிக் குழுவிலிருந்தே வருகிறார். உள்ளூர்க்காரரைப் பயிற்சி கொடுத்து, ஊதியம் கொடுத்து மருத்துவத்தில் சேர்க்க முடியும் என்று இங்கே நிரூபித்தாகிவிட்டது.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடை செய்தது. அதே சட்டம், நோயாளிகளின் முறையீடுகளைக் கேட்டு முடிவு சொல்லும் மனநல மறுஆய்வு வாரியத்தில் நோயை அனுபவித்தவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் உறுப்பினராகலாம் என்கிறது. டிஸ்சார்ஜுக்குப் பிறகான ஏற்பாட்டை நோயாளியோடு கலந்து திட்டமிட வேண்டும் என்கிறது 98ஆம் பிரிவு. வாரியத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவருக்கு, வார்டில் உட்கார்ந்து பேசத் தகுதி இல்லாமல் போகுமா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலையில் தரும் 4 சதவீத ஒதுக்கீட்டில், 1 சதவீதத்தில் மனநோய் உள்ளவர்களும் அடக்கம்.

இனி, கெட்டுப்போகக்கூடிய வழிகள். முதலாவது, அவரை வார்டு உதவியாளராக ஆக்கிவிடுவது. ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை, டோக்கன் கொடுக்க ஆள் இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு வேலை வந்து சேரும். இரண்டாவது இன்னும் மோசம்: மாத்திரை விழுங்கினாரா என்று பார்த்துச் சொல்லும் காவலாளியாக்குவது. அன்றோடு நோயாளி அவரிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார். அவர் கேட்ட ரகசியத்தில் எதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும், அதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, தொண்டு என்ற பெயரில் சும்மா வேலை வாங்குவது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நோயால் வேலை இழந்து, கடன்பட்டு, வீட்டில் மரியாதை போய் எழுந்து வந்தவரிடம், உங்கள் அனுபவம் விலைமதிப்பற்றது என்று சொல்லிவிட்டு பஸ் காசு மட்டும் கொடுப்பது அநியாயம். தொகுப்பூதியமாகவாவது மாதச் சம்பளம், அடையாள அட்டை, உட்கார இடம் வேண்டும். அவருக்கும் உடம்பு மோசமாகலாம். அப்போது மற்ற ஊழியருக்குக் காய்ச்சல் வந்தால் தரும் அதே மருத்துவ விடுப்பு, திரும்பி வந்தால் அதே நாற்காலி. மாதம் ஒருமுறையாவது அவருடைய பாரத்தை இறக்கிவைக்க, மருத்துவரோ சமூகப் பணியாளரோ நேரம் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க மற்றவர் துயரத்தைக் கேட்பவருக்குத் தன் பழைய துயரம் கிளறப்படும்.

ஊருக்குள் போகும்போது வேறு சிக்கல். எந்தத் தெருவிலிருந்து வந்தவர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார முடியும் என்ற கேள்வி நம் மாவட்டங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது, திட்டம் தீட்டுபவர்கள் அது இல்லாதது போல நடிக்கக் கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் மருத்துவமனை ஊழியர் என்ற மரியாதை அவருக்குக் கிடைக்கும்படி முதல் சில தடவை செவிலியரோ சமூகப் பணியாளரோ கூடப் போக வேண்டியிருக்கும். அவர் வாசலில் வந்து நின்றால் "அந்த வீட்டிலும் ஒருத்தருக்குப் பைத்தியம்" என்று தெரு பேசும். அதனால் வீட்டில் சந்திப்பதா, டீக்கடையிலா, ஆரம்ப சுகாதார நிலையத்திலா என்பதை நோயாளியே சொல்லட்டும்.

பெரிதாக ஒன்றும் தொடங்க வேண்டியதில்லை. இரண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஓர் ஆண், ஒரு பெண் என்று நான்கு பேர். கிருஷ்ணகிரியில் எடுப்பவர்களில் ஒருவராவது தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுபவராக இருக்கட்டும், தருமபுரியில் ஒருவர் அரூர், சித்தேரி பக்கத்தவராக இருந்தால் நல்லது. படிப்புத் தகுதியைப் பத்தாம் வகுப்புக்கு மேல் வைக்க வேண்டாம். நோய் பலருடைய படிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கும். பயிற்சிப் பாடத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே வெளியிட்டுவிட்டது, அதைத் தமிழில் இந்த ஊர்ப் பேச்சுக்குத் தக்கபடி செய்துகொள்ளலாம். ஆளைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. எல்லா ஓபி நாளிலும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நன்றாகப் பேசுவார் என்று அங்கே இருக்கும் செவிலியருக்குத் தெரியும். அதுவரை, இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது யாருக்காவது உடனே பேச வேண்டும் போலிருந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.